ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது? விடை சொன்ன டென்னிஸ் ரிட்சி

போனில் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே இன்னொரு ஃபோல்டர், அதற்குள் போட்டோ. இதற்கு அடியில் வேலை செய்யும் முறையை வகுத்தவர்களில் ஒருவர் டென்னிஸ் ரிட்சி.

1941-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் இயற்பியல் படித்துவிட்டு, 1967-ல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். ‘மல்டிக்ஸ்’ என்ற பிரம்மாண்ட இயங்குதளத் திட்டத்தில் இருந்து அந்த ஆய்வகம் 1969-ல் விலகியது. கையில் மிஞ்சியது, அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 கம்ப்யூட்டர். கென் தாம்சன், ரிட்சி, ரட் கனடே மூவரும் கரும்பலகையில் போட்ட ஃபைல் சிஸ்டம் திட்டத்தை தாம்சன் அதில் உருவாக்கினார். யூனிக்ஸ் பிறந்தது.

அவர்களின் யோசனை ரொம்ப எளிமையானது. ஃபோல்டர் என்பது பெட்டி இல்லை. அதுவும் ஒரு ஃபைல்தான். உள்ளே இருப்பது பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு எண்ணும். அந்த எண்ணை வைத்துத்தான் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, ஃபைலைத் தேடி எடுக்கும். அதனால் ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர் வைக்கலாம். ஒன்றை அழித்தாலும் ஃபைல் போகாது.

பட்டியலை அனுமதி உள்ள புரோகிராம் படிக்கலாம். நேரடியாக எழுதுவது கெர்னல் மட்டும்தான். புரோகிராம் தப்பு செய்தாலும் பட்டியல் குலையாமல் இருக்க இந்த ஏற்பாடு.

1973-ல் யூனிக்ஸ் கெர்னல், ரிட்சி உருவாக்கிய சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. 1983-ல் அவருக்கும் தாம்சனுக்கும் டூரிங் விருது கிடைத்தது.

2011 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்த ஒரு வாரத்தில் ரிட்சியின் மரணச் செய்தி வந்தது. உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆனால் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டின் அடியிலும் இருப்பது யூனிக்ஸ் காட்டிய வழிதான்.