தொலைநோக்கி இல்லாத வான சாஸ்திரி

லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் என் தம்பி தன் கவலையை வெளியிட்டான். பள்ளியில் வான சாஸ்திர ஆராய்ச்சிக்கு ஒரு பொருளைத் திங்கட்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுமாம். கருந்துளையை எண்ணியிருந்தான். ஆனால் சக மாணவன் ஒருவன் வீட்டில் தொலைநோக்கி இருக்கிறது. நம் வீட்டில் பைனாகுலர்கூட இல்லை. ஆகவே பெயரே கொடுக்காமல் விலகிவிடப் போவதாகச் சொன்னான். வீடு திரும்பும் வழியெல்லாம் மேகநாத் சாஹாவின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

1893-இல் டாக்கா ஜில்லாவில் ஒரு கிராமத்துக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் சாஹா. வெளியூர்ப் பள்ளியில் படிப்பதற்காக ஒரு வைத்தியர் வீட்டில் தங்கினார். 1905-இல் வங்கப் பிரிவினையின்போது, கவர்னர் வருகையை எதிர்த்த மாணவர்களுடன் சேர்ந்ததால் டாக்கா பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். உபகாரச் சம்பளமும் போயிற்று. 1911-இல் கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜில் சேர்ந்தார். விடுதியில் சாதியின் பெயரால் அவர் பட்ட அவமானம் தனியே எழுதத் தக்கது.

1916-இல் இந்நகரத்து சயன்ஸ் காலேஜில் ஆசிரியரானார். படித்ததோ கணிதம், வெப்ப இயலைத் தாமே கற்றுத்தான் கற்பித்தார். ஆக்னஸ் கிளார்க் என்ற அம்மையார் பாமரர்க்காக எழுதிய வான நூல்களை விரும்பிப் படித்தவர். அப்போது வானியலாருக்கு ஒரு புதிர் இருந்தது. எலெக்ட்ரானை இழந்த கால்சியத்தின் கோடுகள் சூரியனின் மேலடுக்குகளில் மிக ஓங்கித் தெரிந்தன. அதற்குக் காரணம் என்ன?

சாஹாவிடம் தொலைநோக்கி கிடையாது. கோடுகளைப் படம் பிடித்தவர்கள் பிறர். அவர் கையில் இருந்தது வகுப்பில் நடத்திய பாடம். எலெக்ட்ரான் பிரிவதை ஒரு ரசாயன மாற்றம்போலக் கருதிக் கணக்கிட்டார். வெப்பம் மட்டுமல்ல, அழுத்தமும் முக்கியம்; வாயு மெலிந்த இடத்தில் பிரிந்த எலெக்ட்ரானுக்குத் திரும்பச் சேரத் துணை கிடைப்பது அரிது! 1920-இல் கட்டுரை வெளியாயிற்று. நட்சத்திரங்களின் நிறமாலையைக் கொண்டே அவற்றின் வெப்பநிலையை அறிய வழி பிறந்தது. 1925-இல் ஸிஸிலியா பெய்ன் அந்தச் சமன்பாட்டைக் கொண்டுதான் நட்சத்திரங்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று கண்டார்.

பிற்காலத்தில் சாஹா நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகவும் பார்லிமெண்ட் அங்கத்தினராகவும் இருந்து, 1956-இல் டில்லியில் காலமானார். (பஞ்சாங்கத்துக்காக வீட்டில் சண்டையிடும் நாம் அந்தக் குழுவின் அறிக்கையைப் புரட்டிப் பார்க்கலாம்.)

தம்பி கருந்துளையைக் கைவிட்டான். திருவாதிரை நட்சத்திரம் ஒளி கூடிக் குறைவது, வெறுங்கண்ணுக்கே தெரிவது. அதை ரோகிணியுடன் ஒப்பிட்டு நாள்தோறும் குறிப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டான். இப்போது இரவானால் மொட்டைமாடிதான். நேற்று ஒரே புகைமூட்டம். ஒன்றும் தெரியவில்லை என்பதையும் தேதியிட்டு நோட்டில் எழுதியிருக்கிறான்.