ஜெஃப்ரி டி ஹாவிலண்ட்

சர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் (ஜூலை 27, 1882 - மே 21, 1965) ஒரு பிரித்தானிய வானூர்தி வடிவமைப்பாளரும், வானூர்தித் தொழில்துறையின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். மாத் வரிசைச் சிறு வானூர்திகள், இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட மாஸ்கிட்டோ, உலகின் முதலாவது ஜெட் பயணிகள் வானூர்தியான காமெட் ஆகியவை இவர் தொடங்கிய நிறுவனத்தில் உருவானவை. ஒரு வானூர்தியை எவ்வளவு காலம் பாதுகாப்பாகப் பறக்கவிடலாம் என்னும் கேள்விக்கு இன்று கூறப்படும் விடைகளிற் பல, காமெட் வானூர்திகளுக்கு நேர்ந்த விபத்துகளிலிருந்து பெறப்பட்டவை.

இளமைக் காலம்

இங்கிலாந்தின் ஹை விக்கம் நகருக்கு அருகில், மதகுரு ஒருவரின் இரண்டாவது மகனாகப் பிறந்தார். கிறிஸ்டல் பேலஸ் பொறியியல் பள்ளியில் கல்வி கற்று, மோட்டார் வண்டி நிறுவனங்களில் சில காலம் வேலை பார்த்தார். தாய்வழிப் பாட்டனார் கொடுத்த பணத்தைக் கொண்டு, நண்பர் ஃபிராங்க் ஹேர்ல் என்பவருடன் சேர்ந்து தமது முதல் வானூர்தியைக் கட்டினார். 1909 டிசம்பரில் அது தரையை விட்டு எழுந்த சிறிது நேரத்திலேயே இறக்கை முறிந்து விழுந்தது. டி ஹாவிலண்ட் பெருங்காயமின்றித் தப்பினார். இரண்டாவது வானூர்தி 1910 செப்டம்பரில் வெற்றிகரமாகப் பறந்தது. அதனைப் பிரித்தானியப் போர் அமைச்சு 400 பவுண்டுக்கு வாங்கியது. அவருக்கும் ஃபார்ன்பரோவில் இருந்த அரச தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. 44 ஆண்டுகளுக்குப் பின்னர் அவரது நிறுவனத்தின் வானூர்தி சோதனைக்கு உள்ளானதும் இதே ஃபார்ன்பரோவில்தான்.

நிறுவனம்

முதல் உலகப் போரின்போது ஏர்கோ நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளராக இருந்தார். 1920-இல் டி ஹாவிலண்ட் நிறுவனம் தொடங்கப்பட்டது. பூச்சியினங்களில் ஈடுபாடு மிக்கவரான இவர், தமது சிறு வானூர்திகளுக்கு அந்துப்பூச்சியைக் குறிக்கும் மாத் என்ற பெயரை இட்டார். 1932-இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டு சென்ற வானூர்தி, இவ்வரிசையைச் சேர்ந்த புஸ் மாத் ஆகும். அந்த அஞ்சல் சேவை பெல்லாரி வழியாகச் சென்னை வரை நீண்டது. 1931-இல் முதலிற் பறந்த டைகர் மாத் மரம், எஃகுக் குழாய், துணி ஆகியவற்றால் ஆனது. பழுதான பாகங்களை எளிதில் மாற்ற முடிவதால், அவற்றுட் சில தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் பறந்து வருகின்றன.

1940-இல் பறந்த மாஸ்கிட்டோ பெரும்பாலும் மரத்தால் கட்டப்பட்ட போர் வானூர்தி. போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாட்டைத் தவிர்க்க இது உதவியது. இதன் வெற்றிக்கு அவரது குடும்பம் கொடுத்த விலை பெரிது. மகன் ஜான் 1943-இல் இரண்டு மாஸ்கிட்டோக்கள் வானில் மோதியதில் இறந்தார். மூத்த மகன் ஜெஃப்ரி 1946-இல் டி.எச். 108 என்ற ஜெட் வானூர்தியைச் சோதித்தபோது அது சிதறியதில் உயிரிழந்தார். மனைவி லூயி 1949-இல் காலமானார்.

காமெட்

காமெட் முதன்முதலில் ஜூலை 27, 1949 அன்று பறந்தது. அன்று டி ஹாவிலண்டின் பிறந்த நாளுமாகும். மே 2, 1952-இல் லண்டனிலிருந்து ஜொகானஸ்பர்க்குக்குப் பயணிகள் சேவை தொடங்கியது. அதே ஆண்டில் கொழும்புக்கும் சேவை நீண்டது. அக்காலத்து வானூர்திகளை விட மிக உயரத்தில் பறந்ததால், பயணிகள் அறைக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் உடற்பகுதி ஒரு முறை ஊதி, தரை இறங்கும்போது சுருங்கியது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் அது முறிவது போல, உலோகத் தகட்டிலும் நுண்ணிய வெடிப்புகள் தோன்றிப் படிப்படியாக வளரும். இது உலோகச் சோர்வு எனப்படும்.

இது அறியப்படாத ஒன்றன்று. இதே நிறுவனத்தின் டவ் வானூர்தி ஒன்று 1951-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் இறக்கைப் பகுதி உலோகச் சோர்வால் முறிந்து விழுந்து, அதிலிருந்த 7 பேரும் இறந்தனர். எனினும் அழுத்தமேற்றிய உடற்பகுதியில் இது எவ்வளவு விரைவில் நிகழும் என்பதை எவரும் சரியாகக் கணிக்கவில்லை.

ஜனவரி 10, 1954 அன்று ரோமிலிருந்து புறப்பட்ட காமெட் ஒன்று எல்பாத் தீவின் அருகே வானிலேயே சிதறியது. 35 பேர் இறந்தனர். காமெட்டுகள் நிறுத்தப்பட்டன. காரணம் தெரியாத நிலையிலும், தீப்பிடித்தல் முதலிய ஐயங்களைக் கருதிப் பல மாற்றங்கள் செய்து, மார்ச் 23-இல் மீண்டும் பறக்கவிட்டனர். பதினாறாம் நாள், ஏப்ரல் 8-இல், இன்னொரு காமெட் நேப்பிள்சுக்குத் தெற்கே கடலில் விழுந்து 21 பேர் இறந்தனர். இம்முடிவே இவ்வரலாற்றின் மிகத் துயரமான தவறு எனலாம்.

ஆர்னால்டு ஹால் தலைமையிலான ஃபார்ன்பரோ அறிவியலாளர்கள், முழு வானூர்தி ஒன்றைப் பெரிய நீர்த்தொட்டியில் வைத்து, உள்ளே நீரை ஏற்றியும் இறக்கியும் பயணங்களைப் போலச் செய்தனர். ஏற்கனவே 1,221 முறை பறந்திருந்த அது, தொட்டியில் மேலும் 1,836 சுழற்சிகளுக்குப் பின் கிழிந்தது. கடலிலிருந்து மீட்கப்பட்ட எல்பா வானூர்தியின் கூரைத் தகட்டிலும், ஏரியல் சாளரத்தின் மூலையில் இருந்த ரிவெட்டுத் துளை அருகே அதே வகை வெடிப்பு காணப்பட்டது. அவ்வானூர்தி 1,290 முறையும், நேப்பிள்ஸ் அருகே விழுந்தது 900 முறையும் மட்டுமே பறந்திருந்தன.

நிறுவனம் தானே செய்த சோதனையில் உடற்பகுதித் துண்டு ஒன்று 16,000 சுழற்சிகளுக்கு மேல் தாங்கியிருந்தது. ஆனால் அதே துண்டுக்கு அதற்கு முன்னர் இரு மடங்கு அழுத்தம் கொடுக்கப்பட்டிருந்தது. அவ்வழுத்தம் சாளர மூலைகளில் உலோகத்தைச் சற்று நிலையாக நீளச் செய்து, சோர்வைத் தாங்கும் ஆற்றலைக் கூட்டிவிட்டது. சேவையிலிருந்த வானூர்திகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. சதுரச் சாளரங்களே காரணம் எனப் பரவலாகக் கூறப்படுவது முழு உண்மையன்று. அவற்றின் மூலைகள் வளைவானவையே. மூலைகளில் குவிந்த தகைவு கணக்கிட்டதை விட மிகுதியாக இருந்ததே சிக்கல். கோஹன் பிரபுவின் விசாரணை மன்றம் எவர் மீதும் குற்றம் சுமத்தவில்லை.

இதன் பின்னர், முழு வானூர்தியையே நிலத்தில் வைத்துச் சோதிப்பதும், அதன் வயதை ஆண்டுகளோடு பயணங்களின் எண்ணிக்கையாலும் பறப்பு மணிகளாலும் கணக்கிடுவதும் வழக்கமாயின.

பிற்காலம்

தடித்த தகடுகளுடன் திருத்தியமைக்கப்பட்ட காமெட் 4, 1958 அக்டோபரில் அட்லாண்டிக்கைக் கடக்கும் முதல் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கியது. காமெட்டுகளின் வணிகச் சேவை 1980-இல் முடிந்தது. அதன் அடிப்படையில் கட்டப்பட்ட நிம்ராடு, பிரித்தானிய வான்படையில் 1969 முதல் 2011 வரை இருந்தது. அவற்றுள் 37 ஆண்டுகள் பழமையான ஒன்று 2006-இல் ஆப்கானிஸ்தானில் தீப்பிடித்து விழுந்து 14 பேர் மாண்டனர். கசிந்த எரிபொருள் சூடான காற்றுக்குழாயில் பட்டதே அதற்குக் காரணம், உலோகச் சோர்வன்று.

டி ஹாவிலண்ட் 1944-இல் சர் பட்டமும் 1962-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதும் பெற்றார். அவரது நிறுவனம் 1960-இல் ஹாக்கர் சிட்லி குழுமத்துடன் இணைந்தது. 1965-இல், தமது 82 ஆவது வயதில், மூளை இரத்தக்கசிவினால் காலமானார். லண்டன் கோல்னியில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் மாஸ்கிட்டோவின் முதல் மாதிரியும், பழைய வகைச் சாளரங்களுடன் கூடிய முதல் வகைக் காமெட் ஒன்றின் உடற்பகுதியும் வைக்கப்பட்டுள்ளன.