செம்முடிக் குருவானவரின் குளிர்காலப் பண்

தை மாதத்து விடியற்காலையில் நுவரெலியாத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்தின்மேல் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருப்பதைக் கண்டவர்களுக்கும், ஆனி, ஆடி மழையில் ஹட்டன் பக்கத்து லயங்களின் தகரக் கூரை இரவெல்லாம் ஓசையிடக் கேட்டு உறங்கியவர்களுக்கும் குளிர் இன்னதென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. அத்தகையோர் கேட்டவுடனே இனங்கண்டுகொள்ளக்கூடிய இசையொன்று உண்டு. அதனை இயற்றியவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். இற்றைக்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் நகரில் வாழ்ந்த அருட்தந்தை அந்தோனியோ விவால்டியே அவர்.

1678ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி அவர் பிறந்தபோது, பிள்ளை பிழைக்காது என அஞ்சிய மருத்துவிச்சி வீட்டிலேயே அவசரத் திருமுழுக்கு அளித்தார். ஆலயச் சடங்குகள் இரண்டு மாதங்களின் பின்னரே நிறைவேறின. முடிதிருத்துநராய் இருந்து வயலின் கலைஞராக உயர்ந்த தந்தையிடமே மகனும் வயலின் பயின்றார். 1703இல், தமது 25ஆம் வயதில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவருடைய தலைமுடியின் நிறத்தால் ஊரார் அவரைச் செம்முடிக் குரு என்றே அழைத்தனர்.

பிறவியிலிருந்தே அவரை ஒரு மார்பு நோய் வருத்தியது. அது நாம் இழுப்பு என்கிற நோயாக இருந்திருக்கலாம். திருநிலை பெற்று ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலமே அவர் திருப்பலி நிறைவேற்றினார். மூன்று முறை மூச்சு முட்டி, பலியை முடிக்க இயலாமல் பலிபீடத்தை விட்டு அகல நேர்ந்ததாகப் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் அவரே தெரிவித்துள்ளார். பாட்டொன்று மனத்தில் உதித்ததால் அதை எழுதிவைக்கப் பலிபீடத்தை விட்டு ஓடினார் என்றொரு கதையும் உலவுகிறது. ஒரு நாளேனும் மூச்சுக்குத் தவித்தவர்கள் அக்கதையைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அதே 1703ஆம் ஆண்டிலேயே பியேத்தா என்னும் அநாதை இல்லத்தில் வயலின் ஆசிரியர் பணி அவருக்குக் கிட்டியது. பெற்றோரால் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளை ஏற்ற இல்லம் அது. குழந்தையை யாரும் காணாமல் வைத்துச் செல்ல அங்கே சுவரில் ஒரு திறப்பே இருந்தது. அவ்வாறு வந்த சிறுமியருள் இசைத் திறன் உள்ளோர் தேர்ந்த கலைஞர்களாக வளர்க்கப்பட்டனர். ஆலய மாடத்தில் இரும்புக் கிராதிக்குப் பின்னே நின்று அவர்கள் பாடியதையும் வாசித்ததையும் கேட்க ஐரோப்பாவெங்கும் இருந்து மக்கள் வந்தனர். இடைவெளிகளோடு நெடுங்காலம் இவர்களுக்காகவே அவர் எழுதினார். 1723இல் மாதம் இரண்டு கொன்செர்ட்டோக்கள் வேண்டும் என இல்லத்தார் கேட்டுக்கொண்டனர். வயலினோ வேறொரு கருவியோ முன்னின்று வாசிக்க, ஏனையவை உடன்செல்லும் இசைவகையே கொன்செர்ட்டோ ஆகும். அவர் இயற்றியவை ஏறக்குறைய 500.

அவற்றுள் நான்கு, 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறிய நான்கு பருவங்கள். நான்காவதான குளிர்காலம் எஃப் மைனரில், நமது கீரவாணியை ஒத்த சாயலில் தொடங்குகிறது. நடுங்கும் உடல், சீறும் காற்று, தரையில் உதைக்கும் கால்கள் எல்லாம் அதில் ஒலிக்கின்றன. பின்னர் திடீரென யாவும் மாறுகின்றன. இரண்டாம் பகுதி ஈ-பிளாட் மேஜருக்கு, அதாவது சங்கராபரணச் சாயலுக்கு நகர்கிறது. சுருதியே ஒரு முழுச்சுரம் கீழிறங்கிவிடுகிறது. கச்சேரி முடியும்வரை ஒரே சுருதியில் நிற்கும் நம் செவிக்கு இது, கதவைச் சாத்திவிட்டு வேறொரு அறைக்குள் நுழைந்தாற்போல் இருக்கும்.

லார்கோ, அதாவது மிக மெதுவாக, என்பதே அப்பகுதிக்கு அவர் இட்ட நடை. தனி வயலின் ஒரு தாலாட்டைப்போல நீண்டு பாடுகிறது. மற்ற வயலின்கள் வில்லை விடுத்து விரலால் நரம்பைச் சுண்டுகின்றன. அதுவே கூரையில் விழும் மழை. பாட்டு மெதுவானது, மழையோ விரைவானது. நடையை அதிகம் தாழ்த்தினால் மழை நின்றுவிடும். அதிகம் விரைந்தால் அமைதி கலைந்துவிடும். வாசிப்பவரின் சோதனை இந்த 18 தாள அளவுகளில் அடங்கியுள்ளது. மொத்தமும் இரண்டு நிமிடங்களே.

ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கவிதை உடன் அச்சாகியுள்ளது. எழுதியவரும் அவரே என்பர். நெருப்பருகே ஒருவர் நிறைவோடு அமர்ந்திருக்க, வெளியே நூறு பேரை மழை நனைக்கிறது என்பதே இப்பகுதிக்கு உரிய கருத்து. அந்த நூறு பேரை அவர் ஏன் நினைத்தார்? இடுப்பில் படங்கு கட்டி, கூடை சுமந்து மழையில் மலையேறும் குடும்பங்களில் பிறந்த நாம் அவ்வினாவை எளிதில் கடந்துவிட இயலாது. கதவுக்கு வெளியே விடப்பட்ட குழந்தைகளோடு நாள்தோறும் பழகியவருக்கும் அது எளிதன்று. மூன்றாம் பகுதியில் கதவு திறந்துகொள்கிறது. மீண்டும் எஃப் மைனர், பனிக்கட்டிமேல் சறுக்கி விழும் கால்கள்.

முதுமையும் அவருக்கு அவ்வாறே அமைந்தது. அவர் திருப்பலி நிறைவேற்றுவதில்லை என்பதையும், ஆன்னா ஜிரோ என்னும் பாடகியோடு கொண்டிருந்த நட்பையும் காரணங்காட்டி, 1737இல் பெராராவின் பேராயர் கர்தினால் ருஃபோ அவர் அந்நகருக்குள் வருவதைத் தடைசெய்தார். 1740இல் அவர் வெனிஸை நீங்கினார். அவரை மதித்த பேரரசர் ஆறாம் சார்ள்ஸும் அவ்வாண்டு ஒக்டோபரில் இறந்தார். 1741 ஜூலை 28ஆம் திகதி வியன்னாவில் விவால்டி காலமானார். எளிய அடக்கமே நிகழ்ந்தது; கல்லறை இன்று இல்லை.

அவரது இசையை உலகம் ஏறக்குறைய 200 ஆண்டுகள் மறந்திருந்தது. 1926இல், இத்தாலியின் பீட்மொன்ட் பகுதியில் சலேசிய சபையினரின் கல்லூரி ஒன்று விற்க முன்வந்த பழைய நூல்களிடையே அவரது கையெழுத்துப் பிரதிகள் வெளிப்பட்டன. எஞ்சியவை வேறோர் உயர்குடிக் குடும்பத்திடம் இருந்தன. தூரின் தேசிய நூலகத்துக்காக முற்பகுதியை ரொபெர்த்தோ ஃபோவா என்பவரும், பிற்பகுதியை ஃபிலிப்போ ஜோர்தானோ என்பவரும் தத்தம் பொருளால் வாங்கி அளித்தனர். பியேத்தாச் சிறுமியருக்காக எழுதப்பட்டதெனக் கருதப்படும் குளோரியா அவற்றிலிருந்தே எடுக்கப்பட்டு, 1939இல் சியேனாவில் மீண்டும் பாடப்பட்டது. அவ்விருவரும் தம் சிறு மகனைப் பறிகொடுத்த தந்தையர். மவுரோ, ரென்சோ என்னும் அப்பிள்ளைகளின் பெயர்களையே அத்தொகுப்புகள் இன்றும் தாங்கி நிற்கின்றன.