பதவி கொடுத்தவருக்கும் பணியாத ட்ரூமன்

அணுகுண்டு வீச உத்தரவிட்ட ஜனாதிபதி என்று ஹாரி ட்ரூமனை உலகம் அறியும். அவர் ரோடு போட்ட கதை தெரியுமா?

அமெரிக்காவில் மிசோரி மாநிலத்தில் 1884-ல் பிறந்தவர் ட்ரூமன். விவசாயியின் மகன். அவர் நடத்திய துணிக்கடை 1922-ல் நொடித்துப் போயிற்று. கடன் கழுத்தை நெரித்தது.

பிறகு, கட்சியை ஆட்டிவைத்த பெண்டர்காஸ்டின் ஆதரவுடன் தேர்தலில் நின்றார். 1927-ல் ஜாக்சன் கவுண்டியின் தலைமை நீதிபதி ஆனார். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. பெயர்தான் நீதிபதி, பார்த்த வேலையோ ரோடு, பாலம், வரி!

சேறும் பள்ளமுமான ரோடுகளைச் சீராக்க 65 லட்சம் டாலர் கடன் வாங்க வேண்டும். 1928-ல் மக்களிடம் ஓட்டுக் கேட்டார். பணம் வீணாகாது என்று வாக்குக் கொடுத்தார். மக்கள் சம்மதித்தார்கள்.

குறைந்த தொகைக்கு டெண்டர் கொடுத்த வெளிமாநிலக் கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் போயிற்று. உள்ளூர் கான்ட்ராக்டர்கள் கொதித்தார்கள். பெண்டர்காஸ்ட் ட்ரூமனை அழைத்தார். பதவிக்குக் கொண்டுவந்தவரே எதிரில்! ட்ரூமன் அசையவில்லை. கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுத்தவர்தான். ஆனால் மக்களுக்குக் கொடுத்த வாக்கை விட மறுத்துவிட்டார்.

ரோடுகள் எழுந்தன.

1939-ல் வருமான வரி மோசடிக்காகப் பெண்டர்காஸ்ட் சிறை சென்றார். 1941-ல் யுத்த கான்ட்ராக்டுகளை விசாரித்த செனட் கமிட்டிக்கு ட்ரூமன் தலைவரானார். 1945-ல் ஜனாதிபதி ஆனார். 1972-ல் காலமானார்.

ஊர்ப் பணத்தைக் காத்த கைக்கே நாட்டுப் பணத்தைக் காக்கும் பொறுப்பும் வந்தது!