மண்ணுக்குள் காத்த வரலாறு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களை நாஜி ஜெர்மனி கொன்றொழித்தது. கொன்றவர்களிடம் பட்டியல்களும் புகைப்படங்களும் அலுவலகக் கோப்புகளும் இருந்தன. கொல்லப்பட்டவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர், என்ன எண்ணினர், எதனை உண்டனர் என்பனவற்றை அவர்தம் கையெழுத்திலேயே உலகம் படிக்குமாறு செய்தவர்களுள் தலையாயவர் எம்மானுவேல் ரிங்கல்பிளம்.

இவர் 1900ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள், இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள புச்சாச் என்னும் ஊரில் பிறந்தார். வார்சாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, அந்நகர யூதரின் பண்டைய வரலாற்றை ஆராய்ந்து 1927இல் டாக்டர் பட்டம் பெற்றார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியதோடு ஏழை மக்களுக்கு உதவும் சங்கங்களிலும் உழைத்தார். 1938 அக்டோபரில், ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட போலந்து யூதர் ஆயிரக்கணக்கில் எல்லையூராகிய ஸ்பான்ஷினில் தவித்தபோது, இவர் அங்கே சென்று உணவுக்கும் உறையுளுக்கும் ஏற்பாடு செய்தார். அவ்வேலைக்கிடையே அகதிகளின் வாய்மொழிகளையும் எழுதிக்கொண்டார். சோறிடுவதும் எழுதி வைப்பதும் இவருக்கு ஒரே தொண்டின் இரு கைகளாயின.

1939 ஆகஸ்டில் இவர் ஜெனீவா மாநாட்டில் இருந்தார். போர் மூளவிருந்தது. அங்கேயே தங்கியிருக்கலாம், ஆயினும் வார்சாவுக்கே திரும்பினார். இவர் செய்த பெருஞ்செயல்களுள் இதனையே முதலாவதாக நாம் வைக்கிறோம்.

1940 நவம்பரில் வார்சா யூதர்களை மதிலெழுப்பி அடைத்தனர். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அக்குறுகிய இடத்தில் பசியாலும் நச்சுக்காய்ச்சலாலும் மடிந்தனர். அம்மாதமே இவர் ஒரு மறைமுகக் குழுவை அமைத்தார். சனிக்கிழமைதோறும் கூடியமையால் அதற்கு ஓய்வுநாள் மகிழ்ச்சி என்று பொருள்படும் ஓனெக் ஷாபெஸ் என்னும் பெயர் வந்தது.

இக்குழு வேலை செய்த முறையை இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டும். அறிஞர் மட்டுமே எழுதுவதென்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஆசிரியரும் தொழிலாளரும் பெண்டிரும் எழுதினர்; சிறுவர்களின் கட்டுரைகளும் சேர்க்கப்பட்டன. வினாப்பட்டியல்கள் வகுத்து, கஞ்சித்தொட்டி, கள்ளக்கடத்தல், பெண்கள் நிலை, பள்ளி என ஒவ்வொன்றைப் பற்றியும் எழுதச் செய்தனர். பசித்திருந்த எழுத்தாளருக்குச் சிறு தொகையும் கொடுத்தனர். பங்கீட்டு அட்டை, சுவரொட்டி, டிராம் வண்டிச் சீட்டு, மிட்டாய் சுற்றிய தாள் ஆகியனவும் திரட்டப்பட்டன. தம் இனத்தாரின் குறைகளை மறைக்கவும் ரிங்கல்பிளம் ஒருப்படவில்லை. யூதக் காவலர் வாங்கிய கையூட்டும், குழந்தைகள் தெருவில் செத்துக் கிடக்கச் செல்வர் சிலர் விருந்துண்டதும் அவர் குறிப்புகளில் உள்ளன. தம்மவரைப் பற்றி இவ்வாறு எழுதுதல் எளிதன்று.

1942இன் தொடக்கத்தில், ஹெல்ம்னோ கொலைக்களத்திலிருந்து தப்பி வந்த ஒருவரின் வாக்குமூலத்தை இக்குழுவினர் பதிவு செய்தனர். அச்செய்தி போலந்து மறைவியக்கத்தின் வழியே இலண்டனுக்குச் சென்றது. ஆயினும் 1942 ஜூலை 22 முதல் இரண்டு மாதங்களுக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வார்சாவிலிருந்து டிரெப்ளிங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அந்நாள்களில்தான், ஆகஸ்டுத் தொடக்கத்தில், இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் என்னும் ஆசிரியர் 18, 19 வயதுடைய மாணவர் இருவரின் துணையோடு ஒரு பள்ளியின் நிலவறையில் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தார். 1943 பிப்ரவரியில் பால் கொண்டுசெல்லும் பெரிய கேன்கள் இரண்டில் மேலும் தாள்கள் அவ்விடத்திலேயே புதைக்கப்பட்டன.

ரிங்கல்பிளம் 1943இல் பிடிபட்டு டிராவ்னிக்கி முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து மீட்கப்பட்டு, வோல்ஸ்கி என்னும் போலந்துத் தோட்டக்காரரின் நிலத்தடி மறைவிடத்தில் மனைவி, மகன் உட்பட ஏறத்தாழ 40 பேரோடு வாழ்ந்தார். அந்நெருக்கத்திலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1944 மார்ச்சு 7இல் அவ்விடம் கண்டுபிடிக்கப்பட்டது. சிறையில் அவரை மட்டும் காப்பாற்ற ஒரு வழி இருந்தது என்றும், மனைவி மகனை விட்டுச் செல்ல அவர் மறுத்துவிட்டார் என்றும் உடனிருந்த கைதியொருவர் பின்னாளில் தெரிவித்தார். மூவரும் கொல்லப்பட்டனர், வோல்ஸ்கியும் கொல்லப்பட்டார்.

குழுவினருள் போருக்குப்பின் எஞ்சியோர் மூவரே: ஹெர்ஷ் வாசர், அவர் மனைவி புளூமா, ராகேல் அவர்பாக். வார்சா கற்குவியலாகக் கிடந்தது; தெருக்கூட அடையாளம் தெரியவில்லை. வாசர் இடத்தைக் காட்ட, 1946 செப்டம்பர் 18இல் தகரப் பெட்டிகள் வெளிவந்தன. நீர் புகுந்து பல தாள்கள் பழுதுற்றிருந்தன. 1950 டிசம்பரில் பால் கேன்கள் கிடைத்தன; அவற்றின் தாள்கள் பெரிதும் நல்ல நிலையில் இருந்தன. ஏறத்தாழ 35,000 பக்கங்கள் கொண்ட இத்தொகுப்பு வார்சா யூத வரலாற்று நிறுவனத்தில் உள்ளது. 1999இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

ராகேல் அவர்பாக் சேரிச்சுவருக்குள் கஞ்சித்தொட்டி நடத்தியவர். பின்னர் இஸ்ரேலில் யாத் வாஷேம் நிறுவனத்தின் வாக்குமூலப் பிரிவை 1954 முதல் நடத்தி, உயிர் தப்பிய குடும்பத்தாரைத் தத்தம் மொழியிலேயே பேசவைத்துப் பதிவு செய்தார். ரிங்கல்பிளம் தொடங்கிய வேலை இவ்வாறு அவர் கையில் தொடர்ந்தது.

1943 ஏப்ரலில், ஷ்வியென்டோயெர்ஸ்கா தெருவில், மூன்றாவதாக ஒரு தொகுப்பும் புதைக்கப்பட்டது. அஃது இன்னும் கிடைக்கவில்லை.