மாண்டிசோரி அம்மையார்

குழந்தை ஒரு நாளில் சில மணி நேரமே பள்ளியில் இருக்கின்றது. எஞ்சிய நேரமெல்லாம் வீட்டிலேயே வளர்கின்றது. ஆதலின் வீடும் பள்ளியும் ஒன்றுபட்டாலன்றிக் கல்வி முழுப்பயன் தாராது. இவ்வுண்மையைச் செயலில் நிலைநாட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார் ஆவர்.

அம்மையார் இத்தாலி நாட்டிலே கியாரவல்லே என்னும் ஊரில் 1870 ஆம் ஆண்டு பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது மிக அரிதாயிருந்த காலம் அது. தடைகள் பலவற்றைக் கடந்து, 1896 ஆம் ஆண்டில் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு பழகிய அவர், அவர்கட்கு மருந்தினும் கல்வியே மிகுதியும் வேண்டும் எனத் தெளிந்தார்.

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் பகுதியில் ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்தனர். அங்கிருந்த மாடிக் கட்டடங்களை ஒரு நிறுவனம் செப்பனிட்டு அவர்களைக் குடியமர்த்தியது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுவர் காப்பாரின்றித் திரிந்து, புதுச்சுவர்களைப் பாழ்படுத்தினர். அவர்களைப் பேணும் பொறுப்பை அம்மையார் ஏற்றார். 1907 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6 ஆம் நாள், அத்தகைய கட்டடம் ஒன்றிலேயே குழந்தைகள் இல்லம் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 50 குழந்தைகள் அதில் சேர்ந்தனர்.

அவ்வில்லத்தில் கட்டணம் இல்லை. ஆயின் பெற்றோர்க்குக் கடமை உண்டு. தாயர் தம் மக்களைத் தூய உடலும் தூய உடையும் உடையவராக அனுப்புதல் வேண்டும். ஆசிரியையை மதித்து நடத்தல் வேண்டும். வாரம் ஒருமுறையேனும் அவரைக் கண்டு, குழந்தை வீட்டில் நடந்துகொள்ளும் வகையைக் கூறி, அவர்தம் அறிவுரையைக் கேட்டல் வேண்டும். இக்கடமைகளில் தவறினால், குழந்தை இல்லத்தில் இடம் இழக்கவும் நேரும். உழைத்துக் களைத்த தாய்க்கு இவ்விதி கடுமையானதே. எனினும், கடமையோடு உரிமையும் அவளுக்குக் கிடைத்தது. எந்நேரமும் உட்புகுந்து தன் குழந்தை பயில்வதை அவள் காணலாம். ஆசிரியையும் அக்கட்டடத்திலேயே குடியிருந்தமையால், அவர் குடும்பங்களுக்கு அயலாராக இருக்கவில்லை.

ஒருநாள் தாயர் சிலர் அம்மையாரை நாடி வந்தனர். எழுத்தறியாத அவர்கள், தம் மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்குமாறு வேண்டினர். அவ்விளம் வயதில் எழுத்துக் கற்பிக்க அம்மையார் முதலில் எண்ணவில்லை. ஆயினும் அவ்வேண்டுகோளைப் புறக்கணித்தாரல்லர். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி, குழந்தைகள் விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். சில திங்களில் நான்கைந்து வயதுக் குழந்தைகள் தாமே எழுதலாயினர். பள்ளி வீட்டுக்கு வழிகாட்டியது போல, வீடும் பள்ளிக்கு வழிகாட்டியது!

அம்மையாரின் புகழ் உலகெங்கும் பரவியது. 1939 ஆம் ஆண்டில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப்போரின் காரணமாக, 1946 ஆம் ஆண்டுவரை இந்தியாவிலேயே தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார். 1952 ஆம் ஆண்டு மே திங்கள் 6 ஆம் நாள் நெதர்லாந்து நாட்டில் உயிர்நீத்தார்.

மாணவர்களே! வீட்டிற்கும் பள்ளிக்கும் நாள்தோறும் சென்று வருபவர் நீங்களே. ஆசிரியர் கூறுவதைப் பெற்றோரிடமும், பெற்றோர் கருதுவதை ஆசிரியரிடமும் மறையாது உரைப்பீராயின், அவ்விரண்டையும் இணைக்கும் பாலம் நீங்களே ஆவீர்கள்.