ஜான் ஸ்நோ

இங்கிலாந்து நாட்டில் யார்க் என்னும் தொன்மை வாய்ந்த நகரில், 1813-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள், எளிய தொழிலாளி ஒருவரின் தலைமகனாகத் தோன்றினார் ஜான் ஸ்நோ. பதினான்காம் அகவையில் நியூகாசில் நகர் சென்று, ஒரு மருத்துவரிடம் தொழில் பயிலலானார். 1831-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பகுதியில் வாந்திபேதி பரவிற்று. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பலர் அதற்கு இரையாயினர். அவர்களுக்குப் பணிபுரிய இளைஞரான ஸ்நோ அனுப்பப் பெற்றார். அன்று மருந்தொன்றும் அந்நோயை வெல்லவில்லை.

பின்னர் இலண்டன் மாநகரில் மருத்துவப் பட்டம் பெற்று, மயக்க மருந்து கொடுப்பதில் பெரும்புகழ் எய்தினார். 1853-இல் விக்டோரியா அரசியாரின் மகப்பேற்றின்போது குளோரோபாரம் கொடுத்தவர் இவரே. ஆயினும் வாந்திபேதி எவ்வாறு பரவுகிறது என்னும் வினா அவரை விட்டபாடில்லை. தீநாற்றம் கலந்த காற்றே நோய்க்குக் காரணம் என்று அக்கால அறிஞர் பலர் கருதினர். நோயோ குடலைத் தாக்குகிறது; எனவே கழிவு கலந்த நீரின் வழியாக அது வாயினுள் புகுதல் வேண்டும் என்று ஸ்நோ எண்ணினார். 1849-இல் இக்கருத்தை ஒரு சிறுநூலாக வெளியிட்டார். கேட்பார் இலர்.

1854-இல் மீண்டும் கொள்ளைநோய் வந்தது. தென் இலண்டனில் இரு நிறுவனங்கள் குடிநீர் வழங்கின. சவுத்வார்க்–வாக்சால் நிறுவனம், நகரக் கழிவு கலக்கும் பாட்டர்சியில் தேம்சு நீரை எடுத்தது. லாம்பெத் நிறுவனமோ 1852-இல் ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்று தூய நீரை எடுக்கத் தொடங்கியிருந்தது. இரண்டின் குழாய்களும் ஒரே தெருவில் ஓடின. ஒரு வீட்டில் ஒரு நீர். அடுத்த வீட்டில் மற்றொரு நீர். செல்வர், வறியர் என்னும் வேற்றுமையின்றி, யாவரும் ஒரே காற்றையே உட்கொண்டு வாழ்ந்தனர். இதைவிடச் சிறந்த ஆய்வுக்களம் கிடைத்தல் அரிது!

ஸ்நோ இறந்தோரின் முகவரிகளைப் பெற்று வீடுவீடாகச் சென்று வினவினார். தம் வீட்டு நீர் எந்நிறுவனத்தது என்பதைப் பலர் அறிந்திலர். நீர்வரியைச் செலுத்துபவர் வீட்டுக்காரர் அல்லவா? அதற்கும் ஸ்நோ வழி கண்டார். நீரில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை இட்டார். உப்பு மிகுந்த சவுத்வார்க் நீரில் வெண்மையான வீழ்படிவு திரண்டது. லாம்பெத் நீரோ சிறிதே கலங்கிற்று.

முதல் ஏழு வாரக் கணக்கு இது: சவுத்வார்க் நீர் பெற்ற வீடுகள் 40,046, இறந்தோர் 1,263. லாம்பெத் நீர் பெற்ற வீடுகள் 26,107, இறந்தோர் 98. இரண்டையும் கூட்டினால் 66,153 வீடுகளில் 1,361 பேர். அஃதாவது பதினாயிரம் வீடுகளுக்கு ஏறத்தாழ 206 பேர்.

ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது என்று அறிந்த பின்னரும் மற்றொன்றின் நிகழ்தகவு மாறாதிருப்பின், அவ்விரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகள் என்பர் கணித நூலார். நீருக்கும் சாவுக்கும் தொடர்பில்லையெனில், லாம்பெத் வீடுகளைத் தனியே பிரித்து நோக்கினும் அதே 206 வருதல் வேண்டும். ஏறத்தாழ 537 பேர் அங்கு இறந்திருத்தல் வேண்டும். இறந்தோரோ 98 பேரே. பதினாயிரம் வீடுகளுக்கு லாம்பெத்தில் 37, சவுத்வார்க்கில் 315! ஒரு வீட்டில் பலர் வாழ்வராதலின் இவ்வெண்களை நிகழ்தகவு என்னாது விகிதம் என்பதே பொருந்தும். எனினும் சோதனையின் நெறி ஒன்றே. சார்பு இருப்பதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. இங்கோ காற்றும் தெருவும் வாழ்நிலையும் ஒத்திருக்க, நீர் ஒன்றே வேறுபட்டது.

அதே ஆண்டில் பிராட் தெருவின் நீரேற்றுக் குழாயினால் நோய் பரவியதையும் ஸ்நோ ஆராய்ந்து கூறினார். செப்டம்பர் 8-ஆம் நாள் அதன் கைப்பிடி கழற்றப் பெற்றது. எனினும் 1855-இல் அரசினர் அமைத்த மருத்துவக் குழு அவர் கொள்கையை ஏற்க மறுத்தது. 1858-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள், தம் நாற்பத்தைந்தாம் அகவையில் ஸ்நோ மறைந்தார்.

எட்டாண்டுகள் கழித்து, 1866-இல் கிழக்கு இலண்டனில் நோய் மூண்டது. முன்பு இறந்தோரின் முகவரிகளை ஸ்நோவுக்கு வழங்கியவரும், தீக்காற்றுக் கொள்கையை நெடுநாள் நம்பியிருந்தவருமான வில்லியம் ஃபார், இம்முறை இறந்தோரை அவரவர் பெற்ற நீரின்படி வகுத்துக் கணக்கிட்டார். ஸ்நோவின் முடிவையே தாமும் எய்தினார்.